வந்தவர் வரைந்த ஊர்

ஓர் ஊருக்குச் சென்று திரும்பியவரிடம் நாம் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “ஊர் எப்படி?” அக்கேள்வியைச் சற்றே பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அங்கே அச்சமின்றி நடமாட முடிந்ததா? அங்குள்ளவர்கள் முகம் கொடுத்துப் பேசினார்களா? பயண நூல்கள் எத்தனை நூறு பக்கம் விரிந்தாலும் இவ்விரு கேள்விகளுக்கான விடைகளையே மலைகளாலும் கோயில்களாலும் உணவு வகைகளாலும் பொதிந்து தருகின்றன. ஆனால் விடைகள் ஒத்துப்போவதில்லை. ஒரே ஊர், ஒரே பருவம், ஒரே சாலை; ஒருவர் ‘தங்கமான மக்கள்’ என்கிறார், மற்றவர் ‘பிழைத்து வந்ததே பெரிது’ என்கிறார். இவர்களுள் பொய் சொல்பவர் யார் என்று தேடுவதில் பயனில்லை. இருவரும் மெய்யே சொல்லியிருக்கலாம். அவ்வாறாயின் அந்த மெய் யாரைப் பற்றியது என்பதே நாம் கேட்க வேண்டியது.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு இரு வாரம் இருக்கையில், நம் நண்பர் இருவர் சிவகாசிக்கு வந்து சென்றனர். ஒருவர் சென்னையில் கணக்கர். குடும்பத்தோடு காரில் வந்தார். மற்றவர் கல்லூரி ஆசிரியர். விருதுநகரில் இறங்கிப் பேருந்து மாறித் தனியே வந்தார். ஊர் திரும்பிய பின் இருவரும் நமக்கு மடல் எழுதினர். கணக்கரின் மடல் முழுவதும் நன்றி. சாலையோரப் பட்டாசுக் கடையில் அமரச் செய்து, பிள்ளைகளுக்குக் கலரும் பெரியவர்களுக்குத் தேநீரும் தந்து, விலையில் பாதிக்குமேல் தள்ளி, புறப்படும்போது கம்பி மத்தாப்புப் பெட்டி ஒன்றையும் இலவசமாகக் கையில் திணித்தார்களாம். இத்தகைய மனிதர்களை நகரத்தில் காண முடியாது என்று முடித்திருந்தார். ஆசிரியரின் மடல் வேறு விதம். ஊருக்கு வெளியே பயர் ஆபீஸ் ஒன்றின் வாயிலருகே நின்று உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார், காவலாளி விரட்டியிருக்கிறார். அருகிலிருந்த சிற்றூரின் தேநீர்க் கடையில் மூன்று பேர் மாறி மாறி, ‘எந்த ஊரு, யாரு வீட்டுக்கு, என்ன சோலி’ என்று கேட்டனராம். நான்காமவர் இன்னும் ஒரு கேள்வியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றாராம். அது என்ன கேள்வி என்று நம் வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘மூச்சு முட்டியது, அன்பற்ற ஊர்’ என்று எழுதியிருந்தார்.

இரண்டு மடல்களையும் அருகருகே வைத்துப் படித்தோம். இரண்டுமே நம் ஊராகத்தான் பட்டன. ஒருவர் வாங்க வந்தார், மற்றவர் பார்க்க வந்தார். வாங்க வருபவரை எதிர்கொண்டு அழைப்பதும், பார்க்க வருபவரை ஐயத்தோடு நோக்குவதும் வணிக ஊர்களின் இயல்பு. அது மட்டுமன்று, வெடிமருந்து புழங்கும் இடத்தில் அறிமுகமற்றவரை வாயிலோடு நிறுத்துவது காவலாளியின் கடமை. ஆசிரியர் அன்பின்மை என்று எழுதியதில் பாதி பாதுகாப்பு. கணக்கர் அன்பு என்று எழுதியதில் பாதி வியாபாரம். பாதிதான்; முழுவதும் வியாபாரம் என்று சொன்னால் நம் ஊராரை நாமே இழிவுபடுத்தியவர்கள் ஆவோம்.

இந்த முரண் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. கடல் கடந்த கரிபியன் தீவுகளைப் பற்றிய எழுத்தில் இது மிகத் தெளிவாகவே தெரிகிறது. பார்படோசு, ஆன்டிகுவா, ஜமைக்கா, டிரினிடாட் முதலிய தீவுகளுக்கு ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் வெயிலையும் கடலையும் நாடிச் செல்கின்றனர். திரும்பி வந்து ஒருவர் அத்தீவின் மக்களைப்போல் சிரித்த முகத்தவர் உலகில் இல்லை என்பார். மற்றொருவர் விடுதியின் மதிலைத் தாண்டி ஓரடி வைக்காதே என்பார். முன்னவர் விடுதிப் பணியாளரின் சிரிப்பைக் கண்டவர். அது ஊதியம் பெறும் சிரிப்பு. பின்னவர் மதிலைக் கண்டவர். அதற்கு அப்பால் இருப்போரைக் கண்டவர் அல்லர். அத்தீவுகள் சிலவற்றில் நம் உறவினரும் வாழ்கின்றனர் என்பதை வாசகர் அறிந்திருக்கலாம். 1853 முதல் மார்த்தினிக் தீவுக்கும், 1854 முதல் குவாதலூப் தீவுக்கும் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர். கரும்புத் தோட்டத்தில் இறங்கிய அவர்கள் மாரியம்மனையும் கூடவே கொண்டு சென்றனர். தமிழ் மொழி மறைந்த பின்னும் அந்த வழிபாடு மறையவில்லை. அவர்களும் பயணிகளே. ஆனால் தீவு எப்படி இருந்தது என்று அவர்கள் பயண நூல் எழுதவில்லை. எழுதக் கற்றவர் எழுதினார். கற்காதவர் கரும்பு வெட்டினார். பயண இலக்கியம் என்று நாம் போற்றும் துறையின் முதற்குறை இதுவே.

தீவும் அச்சமும் நட்பும் என்றவுடன் மணிமேகலையின் சாதுவன் நினைவுக்கு வருகிறான். ஆதிரை பிச்சையிட்ட காதையில் வரும் அவன் கதையைத் தமிழின் மிகப் பழைய பயணக் கதைகளுள் ஒன்றாகக் கொள்ளலாம். பரத்தையிடம் பொருளைத் தொலைத்து, வங்கத்தில் ஏறி, கலம் கவிழ, மரத் துண்டைப் பற்றி நக்கசாரண நாகர் வாழும் மலைப்பக்கம் கரையேறுகிறான். ஆடையற்ற அம்மக்கள் மனிதரைத் தின்போர். மரத்தடியில் உறங்கிய சாதுவனை உணவாகக் கருதி நெருங்குகின்றனர். அவன் அவர்களுடைய மொழியில் பேசுகிறான். அத்தோடு காட்சி மாறிவிடுகிறது. உண்ண வந்தவர்கள் வழிகாட்டித் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். தலைவன் கள்ளும் ஊனும் பெண்ணும் தந்து விருந்தோம்ப முன்வருகிறான். சாதுவன் மறுத்து அறம் உரைக்கிறான். இனிக் கலம் கவிழ்ந்து வருவோரைக் கொல்வதில்லை என்று தலைவன் இசைகிறான்.

அறவுரையைவிட அந்த மொழி மாற்றமே நம் மனத்தில் நிற்கிறது. தீவு ஆபத்தான தீவா, அன்பான தீவா? ஒரு நாழிகைக்குள் இரண்டுமாக இருந்தது. இடையில் நிகழ்ந்தது ஒரு சொல். ஆனால் அக்காதையில் பலர் விரைந்து கடந்துவிடும் இடம் ஒன்று உண்டு. விடைபெறும்போது நாகர் தலைவன் சந்தனமும் அகிலும் துகிலும் நிதியும் அள்ளித் தருகிறான். அவை எவருடையவை? முன்பு கலம் கவிழ்ந்து வந்து, அவர்களுக்கு உணவாகிப்போன வணிகருடையவை. அதைத் தலைவனே சொல்கிறான், சாத்தனார் மறைக்கவில்லை. சாதுவன் அவற்றை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறான். அவனுக்கு அது நட்பின் பரிசு. இறந்தவரின் மனைவியர்க்கு அது என்ன? பயணி பெற்ற அன்பளிப்புக்குப் பின்னால் யாருடைய இழப்பு இருக்கிறது என்ற கேள்வியைக் காப்பியம் எழுப்பாமல் எழுப்பிவிட்டு நகர்கிறது. சிவகாசியின் இலவச மத்தாப்புப் பெட்டியை நாம் அதோடு சேர்த்து நினைப்பது மிகையாகத் தோன்றலாம். மேலே படித்தபின் வாசகரே முடிவு செய்யட்டும்.

நம் வட்டாரத்தைப் பற்றிய வெளியார் எழுத்து நீண்ட வரலாறு உடையது. மதுரை மறைப்பணித் தளத்தின் இயேசு சபைத் துறவியர் ஐரோப்பாவுக்கு விடுத்த மடல்கள் அவற்றுள் முன்னோடி. அவர்கள் நடந்த வழிகள் நம் கரிசல் நிலத்தின் ஊடே சென்றன. வீரமாமுனிவர் பணியாற்றிய காமநாயக்கன்பட்டி இங்கிருந்து தொலைவில் இல்லை. ஒரு நாட்டின் பாதுகாப்பை அங்குச் சென்று திரும்பிய ஒருவரின் அனுபவத்தைக் கொண்டு அளக்க முடியாது என்பதற்கு அவர்களுள் ஒருவரின் வரலாறே சான்று. புனித அருளானந்தர் 1686இல் மறவர் நாட்டில் பிடிபட்டு வதைக்கப்பட்டார். கிழவன் சேதுபதி அவரை உயிரோடு விடுவித்தார். அன்றே அவர் ஊர் திரும்பிப் பயண நூல் எழுதியிருந்தால் அம்மன்னரைக் கருணையாளர் என்றே எழுதியிருக்கக்கூடும். அதே மன்னரின் ஆணையால் 1693 பெப்ருவரியில் ஓரியூரில் அவர் தலை வெட்டுண்டார். மன்னர் மாறவில்லை, நாடு மாறவில்லை. இம்முறை அரண்மனையின் மண உறவுக்குள் அவருடைய போதனை புகுந்துவிட்டது. ஒட்டி நிற்கும் வரை விருந்தினர், உள்ளே நுழைந்தால் பகைவர் என்னும் எல்லைக்கோடு எல்லா ஊரிலும் உண்டு. அது எங்கே கீறப்பட்டிருக்கிறது என்பதை இரண்டு நாள் தங்குபவர் அறிய மாட்டார்.

நீண்ட நாள் தங்கினால் மட்டும் அறிந்துவிடுவாரா? இங்கே நாம் நம் வாதத்தையே சற்று நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. கால்டுவெல் போகிற போக்கில் எட்டிப் பார்த்தவர் அல்லர். 1841இல் இடையன்குடிக்கு வந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இம்மண்ணில் வாழ்ந்தவர். மொழியை அறிந்தவர் மட்டுமல்லர், அதன் குடும்பத்தையே உலகுக்கு அறிவித்தவர். ஆயினும் 1849இல் அவர் வெளியிட்ட, திருநெல்வேலியின் பனையேறும் மக்களைப் பற்றிய ஆங்கில நூல் அம்மக்களை அறிவிலும் பண்பிலும் தாழ்ந்தோராகச் சித்திரித்தது. நூலின் தலைப்பில் அவர் வழங்கிய சாதிப் பெயரை இன்று எவரும் வழங்குவதில்லை. அந்நாளில் சிவகாசியும் சாத்தூரும் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1910இல்தான் இராமநாதபுரம் மாவட்டம் உருவாயிற்று. ஆகவே அந்நூல் நம்மையும் சுட்டியதே. அதைப் படித்துக் கொதித்தவர்களுள் முதல்வர் நாசரேத்தைச் சார்ந்த அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை. அவர் 1857இல் வெள்ளையர் சபையிலிருந்து பிரிந்து தனிச் சபையே கண்டார். அந்நூலுக்கு எதிரான முறையீடுகள் 1880களிலும் ஓயவில்லை.

கால்டுவெல் வெறுப்பினால் எழுதினார் என்று நாம் கருதவில்லை. அந்நூலை அவர் எழுதியது இடையன்குடியார் படிப்பதற்கன்று. இங்கிலாந்தில் பணம் தரும் நல்லோர் படிப்பதற்கு. இருள் எவ்வளவு கறுப்பாயிருந்ததோ அவ்வளவுக்கு விளக்கின் தேவை அவர்களுக்கு விளங்கும். பயண எழுத்தை மதிப்பிடும்போது எழுதியவர் எத்தனை நாள் தங்கினார் என்பதைவிட யாருக்காக எழுதினார் என்பதே முதன்மையானது என்று இதிலிருந்து கொள்கிறோம்.

இதற்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கரிபியனில் இதே நாடகம் அரங்கேறியது. ஆங்கில வரலாற்றாசிரியர் ஃபுரூட் அத்தீவுகளைச் சுற்றிவிட்டு 1888இல் நூல் வெளியிட்டார். தோட்ட முதலாளிகளின் விருந்தாளியாக, குதிரை வண்டியில் அமர்ந்து பார்த்த அவருக்கு, கறுப்பின மக்கள் தன்னாட்சிக்குத் தகுதியற்றவராகத் தெரிந்தனர். வெள்ளையர் கை தளர்ந்தால் தீவுகள் வாழத்தக்க இடமாக இரா என்றும் தெரிந்தது. டிரினிடாடின் கறுப்பினப் பள்ளி ஆசிரியர் ஜான் ஜேக்கப் தாமசு 1889இல் ஒரு முழு நூலால் மறுமொழி கூறினார். ஃபுரூடின் பெயரையே வளைத்துப் பொய்யுரைக்கு ஒரு சொல் உண்டாக்கி அதைத் தலைப்பாக வைத்தார். வண்டிச் சன்னல் வழியே பார்த்தும் விருந்தளித்தவரின் வம்பைக் கேட்டும் ஒரு மக்களின் குணத்தை எழுதலாகுமா என்பதே அவர் வினா. நூல் வந்த அதே ஆண்டில் தாமசு இறந்தார். சட்டாம்பிள்ளையும் தாமசும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் எழுதப்பட்டவர் எழுதியவரைத் திருப்பிப் படித்த முதல் தலைமுறையினர் இவ்விருவரும். பயண நூல் ஒன்றைக் கையில் எடுக்கும்போதெல்லாம், அதில் வரும் மக்களுள் ஒருவர் நம் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பதாக எண்ணிக்கொள்வது நல்ல பழக்கம்.

பாதுகாப்பு என்ற சொல்லை வெளியார் வாயிலாகவே பேசிக்கொண்டிருக்கிறோம். நம் ஊர்கள் தம்மைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டன? விருதுபட்டி (1923இல்தான் அது விருதுநகர் ஆயிற்று), சிவகாசி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களும் பயணியின் அச்சத்திலிருந்து வளர்ந்தவை என்றால் மிகையாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாட்டு வண்டியில் சரக்கேற்றிச் சென்ற நாடார் வணிகருக்கு வழிப்பறி ஓயாத அச்சம். ஆகவே வண்டிகளும் காளைகளும் சரக்கும் இராத்தங்க மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்தனர். தங்குவோரிடமும் வணிகரிடமும் மகமை என்று ஒரு பங்கு பெற்று உறவின்முறை அதனைப் பராமரித்தது. அம்மகமையிலிருந்தே பின்னர்க் கிணறுகளும் கோயில்களும் பள்ளிகளும் எழுந்தன. அந்நிலத்தில் விருந்தோம்பலும் அரணும் ஒரே சுவரின் இருபுறம்.

அச்சுவருக்கு வெளியே நின்றவர் யார் என்றும் கேட்க வேண்டும். 1899 சூன் 6ஆம் நாள் சிவகாசி தாக்கிச் சூறையாடப்பட்டது. நாடார் கோயில் நுழைய உரிமை கோரியதே பூசலின் வேர். பேட்டைக் காலத்து அச்சம் கற்பனை அன்று என்பதற்கு அந்த நாள் சான்று. ஆனால் ஒரு காலத்தில் கோயில் வாயிலில் நிறுத்தப்பட்டோர் பிற்காலத்தில் வேறு சிலரைத் தம் வாயிலில் நிறுத்தவில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல எந்தச் சாதிக்கும் இயலாது. 1990களில் தென்மாவட்டங்களில் நிகழ்ந்தவற்றை நம் வாசகர் மறந்திருக்க மாட்டார். 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்திற்கு வீரன் சுந்தரலிங்கனாரின் பெயர் சூட்டப்பட்டபோது, அப்பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று மறுத்தோர் உண்டு. அதைத் தொடர்ந்து உயிர்கள் மாய்ந்தன. முடிவில் எல்லாத் தலைவர்களின் பெயர்களும் பேருந்துகளிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் நீக்கப்பட்டன. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது அவ்வாறே.

அந்நாள்களில் பல சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரண்டு வகைக் குவளைகள் இருந்தன. வெளியூர்ப் பயணி வந்து அமர்ந்தால் கண்ணாடிக் குவளையில் தேநீர் வரும், சிரித்த முகத்தோடு வரும். அவர் தம் நாட்குறிப்பில் ‘எளிய, அன்பான மக்கள்’ என்று எழுதுவார். அதே நேரத்தில் கடைக்கு வெளியே குந்தி அமர்ந்து, தாமே கழுவி வைக்க வேண்டிய வேறொரு குவளையில் குடித்துக்கொண்டிருந்தவரை அவர் பார்த்திருக்கக்கூடும். பார்த்தும் அது என்ன என்று தெரிந்திராது. நம் நண்பரான ஆசிரியரைத் தேநீர்க் கடையில் கேட்காமல் விட்ட அந்த நான்காவது கேள்வி, எந்தக் குவளை என்பதற்கான கேள்விதான். அன்பு பொய்யன்று. யாருக்கு என்று முடிவான பின் வழங்கப்பட்ட அன்பு அது.

இனிப் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் வருவோம். மழை குறைந்த இந்நிலத்திலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று திரும்பிய கதை நம் குழந்தைகளுக்கும் தெரியும். குட்டி ஜப்பான் என்று நேரு பாராட்டியதாக வழங்கும் பெயரும் தெரியும். ஒரு நாட்டுத் தலைவரின் கண்ணுக்கு உழைப்பும் சுறுசுறுப்பும் புலப்பட்டன. அவர் கண்டதில் பிழையில்லை. 1983இல் ஸ்மிது கோத்தாரி ஆங்கில வார இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையின் தலைப்பே தீக்குச்சிகளில் குருதி படிந்திருப்பதாகச் சொன்னது. விடியுமுன் எழுப்பப்பட்டு ஆலைப் பேருந்துகளில் அடைத்துச் செல்லப்பட்ட சிறுவர் சிறுமியரை அவர் எழுதினார். 1990இல் சலம் பென்னூர்கர் அதே குழந்தைகளைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்று பெயர். பாராட்டுப் பெயரையே எடுத்து அதன் பக்கத்தில் ஒரு சொல்லைச் சேர்த்தார், அவ்வளவுதான்.

நம் ஊரார் பலர் அன்று சினந்தனர். வெளியூர்க்காரர் இரண்டு நாள் தங்கி, படம் பிடித்து, நம்மை உலகின் முன் கொடியவராக்கிவிட்டார் என்றனர். அச்சினத்தை நாமும் ஓரளவு பகிர்ந்துகொண்டோம் என்பதை ஒளிப்பதற்கில்லை. சட்டாம்பிள்ளையின் சினமும் இதுவும் ஒன்றே என்றுகூட அன்று நமக்குத் தோன்றிற்று. இன்று நிதானமாக நோக்கும்போது அவை ஒன்றல்ல என்று தெளிகிறது. கால்டுவெல் மக்களின் இயல்பைத் தீர்ப்பிட்டார். அதை மறுக்க அம்மக்களால் முடிந்தது. கோத்தாரியும் பென்னூர்கரும் குழந்தைகளின் உழைப்பு நேரத்தைக் காட்டினர். அதை மறுக்க எவராலும் முடியவில்லை. 1996 திசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புக்குச் சிவகாசியே தொடக்கப் புள்ளி. விடியற்காலைப் பேருந்தில் குழந்தைகள் செல்லும் அக்காட்சி இப்போது பெரிதும் மறைந்துவிட்டது. அது மறைந்ததற்கு, நம்மை நோகச் செய்த அந்த வெளியாரும் ஒரு காரணம். விருந்தினர் எல்லாரும் நன்றி சொல்லிவிட்டே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இங்குதான் கரிபியன் எழுத்தாளர் இருவரை மீண்டும் துணைக்கு அழைக்கிறோம். டிரினிடாடில் பிறந்த நைபால், 1960இல் அந்நாட்டு முதல்வரின் அழைப்பில் திரும்பிச் சென்று, 1962இல் வெளியிட்ட நூலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறார்: கப்பல் துறையைத் தொட்டவுடனே ஊரைப் பற்றிய பழைய அச்சம் அவரைப் பற்றிக்கொண்டது. அது திருடரைப் பற்றிய அச்சமன்று. இந்தச் சிறு ஊரை விட்டு வெளியேற முடியாமற் போய்விடுமோ என்னும், அங்கேயே பிறந்தவனின் அச்சம். பயணி அதை ஒருபோதும் உணர மாட்டார். அவர் பையில் திரும்பும் சீட்டு இருக்கிறது. நைபாலின் தீர்ப்புகள் பல கொடுமையானவை. ஃபுரூடின் வரிகளையே நூலின் முகப்பில் வைத்த துணிவை நம்மால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. ஆயினும் இந்த ஓர் ஒப்புதலுக்காக அவரை மீண்டும் படிக்கலாம்.

ஆன்டிகுவாவில் பிறந்த ஜமைக்கா கின்கெய்டு 1988இல் எழுதிய சிறுநூல் வேறு வழி செல்கிறது. சுற்றுலாப் பயணியை ‘நீங்கள்’ என்று முகத்துக்கு நேரே விளித்தே அவர் பேசுகிறார். நீங்கள் நீலக் கடலைப் பார்க்கிறீர்கள். கழிவுநீர் எங்கே போகிறது என்று நினைத்தீர்களா? இந்த வெயில் உங்களுக்கு நான்கு நாள் இன்பம். இங்குள்ளவருக்கு ஆண்டு முழுவதும் தண்ணீர்ப் பஞ்சம். 1974 நிலநடுக்கத்தில் சிதைந்த நூலகம் இன்னும் சீராகவில்லை என்றும், உள்ளூர் மருத்துவமனையை நம்பாத அமைச்சர் சிகிச்சைக்கு நியூயார்க் பறக்கிறார் என்றும் அவர் எழுதியதைப் படிக்கும்போது, ‘பாதுகாப்பான தீவு’ என்ற விளம்பரச் சொல் நம் கையில் உடைந்து போகிறது. யாருக்குப் பாதுகாப்பு? பயணிக்கு நேரக்கூடிய மிகப் பெரிய தீங்கு பணப்பையை இழப்பது. ஊராருக்கு நேரக்கூடியது வேறு. நடை சில இடங்களில் அளவு கடந்த கசப்புக் கொள்கிறது. பயணியாகப் போன ஓர் ஏழை ஆசிரியரையும் முதலாளியையும் ஒரே கோலால் அடிக்கிறார். ஆயினும் பயண நூல்களின் பக்கத்தில் வைக்க இதைவிடப் பொருத்தமான நூலை நாம் படித்ததில்லை.

அந்தக் கேள்வியோடு 2012 செப்டம்பர் 5ஆம் நாளுக்குத் திரும்புவோம். சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. 38 பேருக்குக் குறையாமல் இறந்தனர். இறந்தோருள் பலர் அந்த ஆலையின் தொழிலாளர் அல்லர் என்று அந்நாளைய செய்திகள் கூறின. முதல் வெடியின் புகையைக் கண்டு, உள்ளே சிக்கியவரைக் காப்பாற்றவும் என்னவென்று அறியவும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள். அடுத்த வெடியில் அவர்கள் சிக்கினர். ‘அன்பற்ற ஊர்’ என்று எழுதிய நம் நண்பருக்கு இதைத்தான் மறுமொழியாக எழுதினோம். ‘தங்கமான மக்கள்’ என்று எழுதிய நண்பருக்கும் இதையே எழுதினோம். அதன்பின் 2021 பெப்ருவரி 12இல் சாத்தூர் அருகே அச்சன்குளத்தில். இடையிலும் பின்னரும் நிகழ்ந்தவற்றைப் பட்டியலிட நமக்கு மனமில்லை. ஒவ்வொரு முறையும் காரணங்கள் ஒன்றுபோலவே வருகின்றன: அனுமதித்த அளவைவிட மிகுதியான ஆட்கள், அறைக்கு வெளியே மரநிழலில் மருந்து வேலை, உள்குத்தகை, தீபாவளி நெருக்கம். இவற்றுள் எதுவும் சாலையோரக் கடையில் அமர்ந்து தேநீர் அருந்தும் பயணிக்குத் தெரிவதில்லை. அவர் வந்த நாளில் எதுவும் வெடிக்கவில்லை. ஆகவே ஊர் பாதுகாப்பானது. தீபாவளி நெருக்கத்தை உண்டாக்குபவருள் தாமும் ஒருவர் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. சொல்வது விருந்தோம்பலும் ஆகாது.

தமிழில் இத்துறைக்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. உலகம் சுற்றும் தமிழன் என்று பெயர் பெற்ற ஏ.கே. செட்டியார் (1911–1983) கரிபியன் கடலையும் கயானாவையும் பற்றித் தனி நூலே எழுதியவர். அவர் உரைநடையில் நாம் வியப்பது தீர்ப்பின் சிக்கனம். ஊர் நல்லது, கெட்டது என்று முத்திரை குத்த அவர் விரைவதில்லை. சந்தித்த மனிதர் சொன்னதைச் சொல்வார். தம் வியப்பை ஒரு சிறு வாக்கியத்தில் அடக்குவார். தம்மை நடுவே நிறுத்திக்கொள்ள மாட்டார். நம் முன்னோர் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்தார். அவர் நடையில் ஒரு குறை சொல்லலாம். சில இடங்களில் அந்த அடக்கமே திரையாகிவிடுகிறது. ஊராரின் துயரம் கண்ணில் பட்ட பின்னும் மரியாதையோடு நகர்ந்துவிடுகிறாரோ என்று தோன்றும். நல்ல விருந்தாளியின் குறை அது. கோபம் கொண்ட சாட்சியும் நல்ல விருந்தாளியும் ஒருவரே ஆவது அரிது. நமக்கு இருவரும் தேவைப்படுகின்றனர்.

ஆசிரியர் நண்பர் நம் மறுமொழிக்குப் பின் இன்னொரு முறை வந்தார். அந்தத் தேநீர்க் கடைக்கே அவரை அழைத்துச் சென்றோம். கேள்வி கேட்ட மூவருள் ஒருவர் அடையாளம் கண்டு, ‘அன்னைக்கு ஒண்ணும் சொல்லாம போயிட்டீகளே’ என்று குறைபட்டுக்கொண்டு பெஞ்சில் இடம் ஒதுக்கினார். தம்பி மகன் பயர் ஆபீசில் இறந்ததை அவர் சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. நண்பர் ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை.

கணக்கர் நண்பர் அடுத்த தீபாவளிக்கும் அதே கடைக்கு வருவதாக எழுதியிருந்தார். தீபாவளிக்கு வேண்டாம், மாசியிலோ பங்குனியிலோ ஒரு வேலை நாளில் வாருங்கள் என்று எழுதினோம். மாலை வேலை விட்டதும் சாத்தூர் சாலையில் சற்று நேரம் நின்றால், ஆலைகளிலிருந்து திரும்பும் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கும். அலுமினியப் பொடி படிந்து வெள்ளிபோல் மின்னும் கைகள் சன்னல் கம்பிகளைப் பிடித்திருக்கும். அவற்றைப் பார்த்த பின் நம் வீட்டில் உணவு உண்டு போகலாம் என்றும் எழுதியிருந்தோம். வருகிறேன் என்றார், இன்னும் வரவில்லை.